ஒத்துப்போதல் சான்றாகுமா? மரியந்தால் ஆய்வில் எண்ணும் விவரிப்பும்

பண்புசார் முறையையும் அளவுசார் முறையையும் இணைத்ததாகக் கூறும் ஆய்வேடுகள் பலவற்றில் வினாநிரல் ஓர் இயலிலும் நேர்காணல் மற்றோர் இயலிலும் நிற்கின்றன. இரண்டும் 'ஒத்துப்போகின்றன' என்ற ஒரு வரியோடு இணைப்பு முடிந்துவிடுகிறது. அந்த ஒப்புதலின் மதிப்பை, இத்துறையின் முன்னோடியான மரியந்தால் ஆய்வைக் கொண்டே சோதிக்கலாம்.

வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தாலில் நெசவாலை மூடப்பட்டதால் ஏறத்தாழ ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் ஆய்வு 1933இல் நூலாக வெளிவந்தது. அது குடும்பங்களை மனநிலை அடிப்படையில் தளராதோர், அடங்கிப்போனோர், மனமுடைந்தோர், செயலற்றுப்போனோர் என நான்காக வகுத்தது. நுகர்வு அலகு ஒன்றுக்கான சராசரி மாத வருமானத்தை இவ்வகைகளோடு பொருத்தியபோது முறையே 34, 30, 25, 19 ஷில்லிங் எனக் கிடைத்தது. விவரிப்பை எண் உறுதிசெய்ததாகவே இது வாசிக்கப்படும்.

ஆயின், வகைப்பாட்டின் அளவுகோல்களுள் வீட்டின் தூய்மையும் குழந்தைகளின் பராமரிப்பும் அடங்கும். சோப்புக்கும் துணிக்கும் பணம் வேண்டும். எனவே வருமானம் வகையை விளக்குகிறதா, வகைக்குள் முன்பே புகுந்துவிட்டதா என்னும் ஐயம் எழுகிறது. முதல் மூன்று வகையினரும் வீட்டைப் பேணியவர்களே. ஆகவே 34இலிருந்து 25 வரையிலான இறக்கம் இவ்வையத்திலிருந்து பெரிதும் தப்புகிறது. வீடும் குழந்தைகளும் கவனிப்பாரற்றுப்போன நான்காம் வகையின் 19 அவ்வாறு தப்பவில்லை.

இதனினும் வலுவான இணைப்பு அந்நூலிலேயே வேறிடத்தில் உள்ளது. தெருவில் நடப்போரை மறைவாக நின்று கவனித்ததில் ஆண்களுள் மூன்றில் இரு பங்கினர் இரண்டு முறையேனும் நின்று நின்று சென்றனர். பெண்கள் விரைவாக நடந்தனர். கவனித்தவர் அவர்களுடைய நேர்காணலை எதிர்பார்த்து எண்ணவில்லை. ஒரே வேலையிழப்பில் இவ்வேறுபாடு ஏன் என்ற வினாவை எண் எழுப்ப, நாளின் பொழுதுகளைப் பதிந்த தாள்கள் விடையளித்தன: பெண்களுக்கு வீட்டுவேலை எஞ்சியிருந்தது, ஆண்களால் கழிந்த பொழுதுக்குக் கணக்குச் சொல்ல இயலவில்லை. நூலகக் கட்டணம் நீக்கப்பட்ட பின்னும் இரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததும் இதே திசையில் வரும் தனிச் சான்று.

ஐந்து புள்ளி அளவுகோலில் மனநிறைவைக் குறித்தவரிடமே, அதே அமர்வில், அதே ஆய்வாளர் மனநிறைவு பற்றி நேர்காணல் எடுக்கும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட வேண்டும். அங்கே இரு தரவுகள் இல்லை. ஒரே விடை இருமுறை பெறப்படுகிறது.