திடீர்த் தங்கச்சி

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொடரில் (1997–2003) நான்கு பருவங்கள்வரை பஃபி ஒற்றைப் பிள்ளை. 2000இல், ஐந்தாம் பருவத்தின் முதல் அத்தியாய முடிவில், டான் என்றொரு தங்கச்சி வீட்டுக்குள் நிற்கிறாள். எல்லோரும் அவளைப் பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்கள்போலப் பேசுகிறார்கள். யாருடி இவள் என்று பார்வையாளருக்கு எரிச்சல். கடைசிவரை அவள் சிணுங்கலைப் பலர் மன்னிக்கவேயில்லை.

1974இல் 'தி பிராடி பன்ச்' தொடரும் ஆலிவர் என்ற பொடியனை இப்படித்தான் ஒட்டுப்போட்டது. ஆறு அத்தியாயத்தில் கடையைக் கட்டியது. பஃபியிலோ அந்த ஒட்டே கதையாகிறது. துறவிகள் ஒரு மாயத் திறவுகோலைச் சிறுமியாக்கி, எல்லார் மண்டையிலும் பொய் நினைவுகளைத் திணித்துவிட்டார்கள். இது தெரிந்த பிறகும் பஃபி அவளைக் கைவிடுவதில்லை. நினைவு பொய், பாசம் மெய். உறவென்பது கட்டமைக்கப்பட்டதுதான் என்று ஒரு வெகுஜனப் பிரதி இவ்வளவு பச்சையாகச் சொல்வது லேசுப்பட்ட காரியமல்ல.

ஆனால் 2001இல் அப்பருவம் முடிகையில் பிரதி பின்வாங்குகிறது. தங்கைக்குப் பதிலாகப் பஃபி சாக முடிவது இருவருக்கும் ஒரே ரத்தம் என்பதால்தான். ரத்தத்தைத் தாண்டிய உறவைக் கண்டுபிடித்துவிட்டு, சாட்சிக்கு மறுபடி ரத்தத்தையே கூப்பிடுவானேன்? டானை வெறுத்த பார்வையாளர் கேட்டதும் இதே பிறப்புச் சான்றிதழைத்தானே?