வாலாஜா வரலாற்று நூல்கள்: ஒரு மறுவாசிப்பு

அப்பாசியக் கிலாஃபத்தின் வீழ்ச்சியை, 1258இல் ஹுலாகு பக்தாதுக்குள் நுழைந்த நாளோடு கட்டிவிடுவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். ஆனால் 945லேயே படையும் வரியும் புவைஹியர் வசம் போய்விட்டன. குத்பாவில் ஒலித்த பெயரும் நாணயத்தில் பொறித்த பெயருமே கலீஃபாவுக்கு மிஞ்சின. நவாபுகள் கலீஃபாக்கள் அல்லர்; எனினும் முகலாயப் பேரரசு சிதறியபோது தலையெடுத்த கர்நாடக நவாபியத்தைப் படிப்பவருக்கு இந்தக் காட்சி சேப்பாக்கத்திலும் தெரியும்.

சென்னைப் பல்கலைக்கழக அரபு, பாரசீக, உருதுத் துறைத் தலைவராயிருந்த முஹம்மது ஹுசைன் நைனார் ஆங்கிலத்தில் பெயர்த்த பாரசீக நூல்கள் இதற்கு முதன்மைச் சான்றுகள். அவற்றுள் புர்ஹான் இப்னு ஹஸனின் 'துஸுக்கே வாலாஜாஹி' பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அது அரசவைக்காக எழுதப்பட்ட நூல். முஹம்மது அலி வாலாஜா அதில் வெற்றி வீரர். கம்பெனியார் அவருக்குத் துணை நின்றோர். ஆனால் 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தவரும் அவரே. இரண்டாண்டு கழித்து, நிஜாமுக்குக் கட்டுப்படாத தனி ஆட்சியாளர் என்று ஷா ஆலம் ஃபர்மான் அனுப்பினார். நிலம் கைமாறிக்கொண்டிருந்த வேளையில் பட்டம் உயர்ந்தது! கம்பெனி ஊழியர்களே நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்தனர். அந்தக் கடன் 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நெடிய உரையாற்றும் அளவுக்கு முற்றியது. நவாபுகளின் ஆடம்பரமே அழிவுக்குக் காரணம் என்று நம்மவர் எழுதுவது எளிய விளக்கம். வரி வசூலை ஈடுகாட்டிப் படைச் செலவுக்குக் கடன் வாங்கிய எந்த அரசும், ஆடம்பரம் இல்லாமலேயே, இதே வழியில்தான் போயிருக்கும்.

1801 உடன்படிக்கையால் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போனது; நவாபுக்கு நிகர வருவாயில் ஐந்திலொரு பங்கு. அதன் பின்னர் எழுந்த 'பஹாரே அஃஸம் ஜாஹி'யையே நான் மேலானதாகக் கருதுகிறேன். 1823இல் நவாப் அஃஸம் ஜாஹ் சென்னையிலிருந்து நாகூர் சென்ற பயணத்தை குலாம் அப்துல் காதிர் நாஸிர் அதில் பதிவு செய்கிறார். வெல்வதற்குப் போர் இல்லை. ஆகவே ஆசிரியரின் கண் வழியிலுள்ள ஊர்களிலும் தர்காக்களிலும் பள்ளிவாசல்களிலும் நிலைக்கிறது. அரசவை வரலாறு தவறவிட்ட நாட்டை அதிகாரமிழந்த நவாபின் பயண நூல் கண்டுகொண்டது. ஆய்வாளர்கள் இதை ஓரங்கட்டிவிட்டு இன்னும் போர்ப் பக்கங்களையே புரட்டுவது வியப்பளிக்கிறது.

1855இல் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்ததும் நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசே அதை வாங்கிக்கொண்டது. நைனாரின் மொழிபெயர்ப்புகளை வெளியிட்ட பல்கலைக்கழகம் அந்த அரண்மனைக்கு அருகிலேயே நிற்கிறது.