ஏழு பட்டங்களும் மூன்று அளவுகோல்களும்

காரைநகரிலும் அதனையடுத்த வலிகாமம் மேற்குக் கிராமங்களிலும் மாட்டுவண்டிச் சவாரி பற்றிப் பேசும் முதியோர், தம் காலத்துச் சோடிக்கு நிகரான சோடி இன்றில்லை என்பர், இளையோர் மறுப்பர். இரு சோடிகளும் ஒரே திடலில் ஓடப்போவதில்லையாதலின் அவ்வழக்குத் தீர்வதில்லை. எனினும் முந்தி வந்த சோடிக்கே வெற்றி என்பதில் இரு சாராருக்கும் ஐயமில்லை. வெற்றி யாது என்பதே காலந்தோறும் மாறிவந்த போட்டியொன்றில் ஒப்பீடு எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு அமெரிக்காவின் நஸ்கார் மோட்டார் ஓட்டம் தக்க சான்றாகும்.

றிச்சாட் பெற்றி, டேல் ஏர்ண்காட், ஜிம்மி ஜோன்சன் ஆகிய மூவரும் ஏழு பட்டங்கள் வீதம் வென்றோர். ஆகவே மூவரும் சமமானோர் என்பது பொதுக் கருத்து. இக்கருத்து மீளாய்வுக்குரியது. பெற்றியின் முதல் ஐந்து பட்டங்களும் 1975இற்கு முற்பட்டவை. பரிசுத் தொகை, ஓடிய தூரம் எனப் புள்ளியின் அடிப்படை அடிக்கடி மாறிய காலம் அது. 1967இல் அவர் 27 ஓட்டங்களில் வென்றார். 1975இல் எல்லா ஓட்டங்களுக்கும் ஒரே புள்ளிமுறை வந்தது. முதலிடத்துக்கு 175, இரண்டாமிடத்துக்கு 170 என அமைந்த அம்முறையிலேயே ஏர்ண்காட்டின் ஏழு பட்டங்களும் கிட்டின. அது வேகத்தினும் தளராமையையே பெரிதும் போற்றியது. 2003இல் ஒரேயொரு வெற்றியுடன் மற் கென்செத் பட்டம் பெற, எட்டு வெற்றிகள் பெற்ற றையன் நியூமன் ஆறாமிடத்தில் நின்றமை இதனை உணர்த்தும்.

இம்முடிவுக்கு அடுத்த ஆண்டே விதி மீண்டும் மாறியது. 2004 முதல் இறுதிப் பத்து ஓட்டங்களே பட்டத்தைத் தீர்மானித்தன. 2014இல் படிப்படியாக வீரரை நீக்கி, எஞ்சிய நால்வரை இறுதி ஓட்டத்திற் சமநிலையில் நிறுத்தும் முறை வந்தது. ஜோன்சனின் பட்டங்கள் யாவும் இவ்விரு முறைகளுக்கும் உரியன. 2007ஆம் ஆண்டின் எல்லா ஓட்டங்களையும் பழைய முறைப்படி கூட்டின் ஜெஃப் கோர்டனே முதல்வராவார் என்று காட்டுவோர் உளர். இக்கணக்குச் சரி, ஆயின் அதன்வழி பெறும் முடிவு சரியன்று. விதியை அறிந்தே வீரர் தம் உத்தியை வகுக்கின்றனர். ஒரு விதிக்காக ஓடியவரை இன்னொரு விதியால் அளப்பது, கேட்காத வினாவுக்கு விடை எழுதவில்லை எனப் புள்ளி குறைப்பதை ஒக்கும்.

பாடத்துக்குப் பாடம் புள்ளிகளை அப்படியே ஒப்பிடலாகாது என்பதை ‘இசட்’ புள்ளி வழியே பல்கலைக்கழகம் புகுந்த நாம் நன்கறிவோம். ஒருவர் உடன் எழுதியோரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதையே அது அளக்கிறது. வீரரையும் அவ்வாறே தம் சமகாலத்தவரோடு வைத்து அளத்தல் ஓரளவு நியாயமான வழி. அதற்கும் எல்லையுண்டு. தமிழகத்து நரேன் கார்த்திகேயன் 2010இல் நஸ்காரின் பிக்கப் வண்டிப் பிரிவில் ஓடிய முதல் இந்தியர். அவர் அதற்குமுன், 2005இல், போமியூலா 1 அமெரிக்கப் போட்டியில் நான்காமிடம் பெற்று 5 புள்ளிகள் ஈட்டினார். 2002இன் விதிப்படி அது 3 புள்ளி. 2010இன் விதிப்படி 12 புள்ளி. இவையனைத்தையும் விட முக்கியமானது, டயர்ப் பிரச்சினையால் ஏனையோர் விலக, அன்று ஓடியவை ஆறே கார்கள் என்பது. உடன் ஓடியோர் யார் என அறியாமல் இடத்தையோ புள்ளியையோ மதித்தல் இயலாது.

எனவே பட்டங்களின் எண்ணிக்கை ஒப்பீட்டின் தொடக்கமேயன்றி முடிவாகாது. அக்காலத்து விதி எத்திறனை வேண்டி நின்றது, அதனை நிறைவேற்றியோர் எத்தனை பேர், எதிர்நின்றோர் எத்தகையோர் என்னும் மூன்றையும் வினவிய பின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும். அவ்வாறு வினவின், தளராமையில் ஏர்ண்காட்டும், இறுதிக்கட்ட நெருக்கடியை வெல்வதில் ஜோன்சனும், ஓட்டந்தோறும் முந்தும் ஆற்றலிற் பெற்றியும் முதல்வராவர். மூவருள் ஒருவரே பெரியர் எனத் துணிவோர் வீரரை மதிப்பிடவில்லை; தமக்கு உவப்பான விதியொன்றையே தேர்ந்துகொள்கின்றனர்.