முற்றத்திலிருந்து மேடைக்கு

சென்ற ஆண்டு கீழ்பென்னாத்தூரை அடுத்த ஓர் ஊரில் சாவு வீட்டிற்குச் சென்றிருந்தோம். பந்தலின் ஓரத்தில் ஒலிபெருக்கி ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தது. பதிவு செய்யப்பட்ட ஒப்பாரி. பாட்டில் வந்தவள் தாயை இழந்து அழுதாள். பந்தலில் கிடத்தப்பட்டிருந்தவரோ அறுபது வயதைக் கடந்த ஓர் ஆண். எவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

2011 முதல் 2021 வரையிலான பத்தாண்டுகளில் நம் நாட்டுப்புற இசை அடைந்த மாற்றத்தை எண்ணும்போதெல்லாம் அந்த ஒலிபெருக்கியே நினைவுக்கு வருகிறது. இக்காலம் அவ்விசைக்குப் பெருமை சேர்த்த காலம் என்பதை மறுப்பதற்கில்லை. 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா கிராமத்து மெட்டைத் திரைக்குக் கொண்டுவந்தார். எனினும் அதைப் பாடியவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற பின்னணிப் பாடகர்களே. கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா போன்றோர் இடையிடையே வந்தனர். ஆனால் அண்மைப் பத்தாண்டுகளில் வந்தது மெட்டு மட்டுமன்று, குரலும் கூட. 2018-இல் விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ போட்டியில் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் முதற்பரிசு பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு உருவாகி, கானாவையும் பறையையும் மேடையேற்றியது. இழிவின் சுமையைத் தலைமுறைகளாகத் தாங்கிய கருவி கைதட்டல் பெற்றதைக் கண்டு மகிழாதவர் மனம் கல்லாகத்தான் இருக்க வேண்டும்.

ஆயினும் மேடை தன் விலையைக் கேட்கிறது. ஒப்பாரிக்கு அளவான தாளம் இல்லை. அடியின் நீளத்தைப் பாடுபவளின் மூச்சே முடிவு செய்யும். அண்ணனா, கணவனா, பெற்ற பிள்ளையா என்பதற்கேற்ப உறவுமுறையும் உவமையும் மாறும். இன்று பாடியது நாளை அப்படியே திரும்ப வராது. போட்டி மேடையிலோ நான்கு நிமிடம், கீபோர்டு, நடுவர் சொல்லும் சுருதி. அங்கே பாடல் பிழைக்கிறது; அதன் பணி பிழைப்பதில்லை. நடவுப் பாட்டின் கதையும் இதுவே. ஆனால் பசியோடு குனிந்த முதுகுகள் பாடிய அப்பாட்டிற்காக ஏங்குவது, நிழலில் அமர்ந்திருப்பவர்களுக்கே எளிது.

இப்பத்தாண்டின் முடிவில், 2021-இல், வந்த இரு பாடல்கள் நம்மைச் சற்றுத் தேற்றின. ‘கர்ணன்’ படத்தில் கிடாக்குழி மாரியம்மாளின் குரலை இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் மெருகேற்றிக் கெடுக்கவில்லை. அதன் கரகரப்பே பாடலின் பொருளாயிற்று. அறிவும் தீயும் பாடிய ‘என்ஜாய் என்சாமி’யை இளைஞர்கள் ஆட்டப் பாட்டாகவே கொண்டாடினர். நம் காதுக்கு அது ஒப்பாரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. முன்னோரை விளித்து, இழந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவதுதானே ஒப்பாரியின் பணி? போட்டிப் பாடல்கள் ஒப்பாரியின் மெட்டைக் காத்தன. இப்பாடல் துள்ளும் தாளத்தில் ஏறிக்கொண்டும் அதன் வேலையைச் செய்தது. பின்னர் இப்பாடல் யாருக்கு உரியது என்ற வழக்காடலும் எழுந்தது. முற்றத்தில் எழாத கேள்வி அது.

குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. குருவான தொடக்க ஆண்டுகளில், அடக்கத் திருப்பலிக்கு நேரமாகிறது என்று அழுதுகொண்டிருந்த பெண்களைக் கையமர்த்தியிருக்கிறோம். மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென்ற 1963-ஆம் ஆண்டுத் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டைக் குருமடத்தில் படித்துத் தேர்வெழுதியவர்கள்தாம் நாம்.

அன்று அந்த ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னோம். சற்று நேரம் பந்தலே அமைதியாயிற்று. பிறகு இறந்தவரின் அக்காள், எண்பது வயதிருக்கும், தம்பியைப் பெயர் சொல்லி அழைத்துத் தொடங்கினார். கூடவே குரல் கொடுக்க வேண்டிய பேத்திகளுக்கு அடுத்த அடி தெரியவில்லை. ஒருத்தி அலைபேசியை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினாள். திருப்பலி நாற்பது நிமிடம் தாமதமாயிற்று.