சோடா கேக்: எழுப்புவது எது?

கம்பளையில் பட்டர் கேக் அடிக்கிற வீடுகளுக்குக் கணக்கு மனப்பாடம்: பட்டர், சீனி, மா மூன்றும் 500 கிராம் வீதம், முட்டை எட்டு முதல் பத்து. இதற்கு நேரெதிரான ஒரு முறை இப்போது பரவியிருக்கிறது. கேக் மிக்ஸ் பெட்டியைப் பிரித்து, ஸ்ப்ரைட்டோ கோக்கோ ஊற்றிக் கலக்கி அவனில் வைத்தால் போதும். முட்டையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். சோடாவின் காஸ்தான் கேக்கை எழுப்புகிறது என்று அதற்குக் காரணமும் சொல்கிறார்கள். முறையில் நல்லதும் உண்டு. அந்தக் காரணம் மட்டும் பிழை.

காஸின் அளவில் குறையில்லை. புதிதாகத் திறந்த 200 மில்லிலீற்றர் சோடாவில் ஒரு கிராமுக்குச் சற்று மேலாகவே காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் தருவது ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் போத்தலின் காஸ் மூடியைத் திறந்ததுமே வெளியேறத் தொடங்குகிறது. மாவில் ஊற்றிக் கலக்கும்போது பெரும்பகுதி போய்விடும். கேக்குக்கு வேண்டியது, மாக்கலவை சூடேறி இறுகுகிற வேளையில் உள்ளுக்குள்ளேயே உண்டாகிற காஸ். அதைத் தருவது பெட்டியில் ஏற்கெனவே கலந்திருக்கும் பேக்கிங் பவுடர். இரவெல்லாம் திறந்துவைத்துக் காஸ் போன சோடாவை ஊற்றினாலும் அந்தக் கேக் எழும். அமெரிக்காவின் பழைய செவன் அப் பவுண்ட் கேக்கில் பேக்கிங் பவுடரே சேர்ப்பதில்லை; அங்கே பட்டரையும் சீனியையும் நெடுநேரம் அடித்து ஏற்றிய காற்றும் முட்டையும்தான் வேலை செய்கின்றன.

சோடா உண்மையில் கொடுப்பது தண்ணீர், சீனி, புளிப்பு. புளிப்பு அப்பச்சோடாவோடு சேர்ந்து காஸை உண்டாக்கும். சீனி ஈரத்தைப் பிடித்துவைக்கும். முட்டையின் இடத்தை இவற்றில் எதுவும் நிரப்பாது. முட்டை சூட்டில் இறுகி என்ன செய்யும் என்பதைப் பெருநாள் வட்டிலப்பம் செய்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்த அந்த நீர்மத்தை வெட்டக்கூடிய துண்டாக்குவது முட்டைதான். அது இல்லாத சோடா கேக் சூட்டோடு மெத்தென்று இருக்கும், ஆறினால் பிசுபிசுக்கும், வெட்டினால் உதிரும். மலையேறினால் நிலைமை இன்னும் மோசம். கம்பளையின் உயரத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. ஏ5 வீதியில் புசல்லாவை, ரம்பொடை கடந்து நுவரெலியா போனால், சுமார் 1,870 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்குதான். காஸ் அங்கே கூடுதலாக விரியும். தாங்க முட்டை இல்லாத கேக் உயர எழுந்து நடுவில் அமுங்கிப்போகும்.

இருந்தும் இந்த முறையை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று, பட்டரின் விலையையும் முட்டையின் விலையையும் கேட்டுத் திரும்பிய வீடுகளில் பிள்ளையின் பிறந்தநாள் மட்டும் தள்ளிப்போகவில்லை. 2023 மார்ச்சில் இந்திய முட்டை இறக்குமதியானபோதும் அது முதலில் பேக்கரிகளுக்கே போனது. விரத நாளில் முட்டை தொடாதவர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். முட்டையில்லாக் கேக் நியாயமான தேவை. அந்தத் தேவைக்கு விலைகூடிய மிக்ஸ் பெட்டியையும் சோடாப் போத்தலையும் விற்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

சோடா என்பதால் சீனி மிதமிஞ்சும் என்ற பயமும் இடம் தவறியது. 2016 முதல் போத்தல்களில் சீனிக்கு நிறக்குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. அந்த எல்லையில் உள்ள பானத்தில் 200 மில்லிலீற்றர் ஊற்றினாலும் சேர்வது 22 கிராம்தான். நம் பட்டர் கேக்கில் போகிற அரைக் கிலோவோடு ஒப்பிட்டால் இது சிறிது. சீனியில்லாத டயட் சோடாவும் வழியல்ல. அதில் அஸ்பார்ட்டேம் இருந்தால் அவனின் சூட்டில் இனிப்புக் குறைந்துவிடும்.

சுவை என்று பார்த்தால் நான் தேர்வது ஜிஞ்சர் பியர். எலுமிச்சைச் சோடாவின் மணம் சூட்டில் பறந்துவிடுகிறது. இஞ்சியின் காரம் மென்மையாகித் தங்குகிறது. அதற்கு மிக்ஸ் பெட்டி தேவையில்லை. முட்டையும் பாலும் இல்லாமல் அமெரிக்க வீடுகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு கேக் இருக்கிறது: ஒன்றரைக் கோப்பை மா, ஒரு கோப்பை சீனி, மூன்று மேசைக்கரண்டி கொக்கோ, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு கோப்பை தண்ணீர். வினாகிரியும் அப்பச்சோடாவும் சேர்ந்ததும் காஸ் வரத் தொடங்கும் என்பதால், அவனை முதலே சூடாக்கிவைத்து, கலந்த கையோடு உள்ளே தள்ள வேண்டும். தண்ணீருக்குப் பதில் ஜிஞ்சர் பியர் ஊற்றுகிறவர்கள் இரண்டு மேசைக்கரண்டி சீனியைக் குறைத்துக்கொள்ளலாம். போன வாரம் திறந்து காஸ் போன போத்தலே இதற்குப் போதும்.