அடுப்பு மேடை ஓர் இடைச்செருகலா?

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவியரை அழைத்துக்கொண்டு காரைக்குடிப் பக்கம் சென்றிருந்தேன். விடுதியாக மாற்றப்பட்ட பழைய நகரத்தார் வீடு ஒன்றைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தோம். சுற்றிக் காட்டியவர் விஷயம் தெரிந்தவர். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டினார். வளவில் ஆத்தங்குடித் தரையைக் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் கன்னத்தை வைத்துக் குளிர்ச்சியை உணரச் சொன்னார். கடைசியாக அடுப்படிக்கு வந்தோம். அது இப்போது விருந்தினர் சாப்பிடும் கூடம். தரையோடு ஒட்டிய விறகடுப்புகள் இரண்டை மட்டும் காட்சிக்காக விட்டுவைத்திருந்தார்கள்.

“வீட்டை வாங்குனப்ப இங்க அசிங்கமா ஒரு சிமெண்ட் மேடை இருந்துச்சு மேடம். எழுபதுகள்ல யாரோ கட்டியிருக்காங்க. அதை இடிச்சிட்டு ஒரிஜினலை மீட்டுட்டோம்” என்றார்.

“யாரோன்னா யாருங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. நாங்களும் அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டோம். ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

செட்டிநாடு என்று நாம் சொல்லும் பகுதி, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரவிக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி தொடங்கி 1940கள் வரை, பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் அங்கே ஈட்டியதை இங்கே வீடாக எழுப்பினார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்தப் பெருவரவு குலைந்தது. பங்காளிகள் பெருகப் பெருக, ஒழுகும் ஓட்டை யார் மாற்றுவது என்பதே தீராத வழக்கானது. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பல இடிக்கப்பட்டு, கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. 2014இல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் விடுதிகளாகப் புத்துயிர் பெற்றிருக்கின்றன.

இடித்துக் கூறுபோட்டு விற்கப்படுவதைவிட ஒரு வீடு விடுதியாவது மேல். இதில் எனக்கு ஐயமில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. ஒரு வீட்டை மீட்கிறோம் என்கிறபோது எந்த ஆண்டின் வீட்டை மீட்கிறோம்? அந்த ஆண்டில் அந்த வீட்டுப் பெண்கள் எங்கே, எப்படி உட்கார்ந்திருந்தார்கள்?

இந்த வீடுகளில் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முன்வாசலில் நின்றால் கட்டு கட்டாகத் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் வரை கண் போகும். கண் போகிற இடமெல்லாம் கால் போக முடியாது என்பதுதான் அந்த வீட்டின் இலக்கணம். முகப்பு ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும் கணக்கு வழக்குக்கும் உரியது. வளவு சடங்குகளுக்கு உரியது. அதைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அங்கே அவன் மனைவி கொண்டுவந்த சீர் சாமான்கள் அடுக்கியிருக்கும். இரண்டாங்கட்டில் பந்தி. அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணறும் பெண்களும். பின்வாசல் வழியே வேலைக்காரப் பெண்கள் வந்துபோவார்கள். பிற சாதிகளைச் சேர்ந்த அவர்களுக்கு முகப்பு இருப்பது தெரியும், அதன் தரை தெரியாது.

திருமணமான மகனை ‘வேறு வைப்பது’ நகரத்தார் வழக்கம். ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஆக, மருமகள்கள் எத்தனையோ அத்தனை அடுப்புகள் எரிந்த இடம் அது. கணவன் ஆண்டுக்கணக்கில் ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்க, அரிசியையும் வேலையாட்களையும் பிள்ளைகளையும் சடங்குகளையும் நடத்தியவர்கள் அந்த அடுப்புகளுக்கு முன்னால் இருந்தவர்கள். முகப்பின் ஆடம்பரத்தை ஆண்களின் வருவாய் கட்டியது என்றால், அதற்குப் பின்னாலிருந்த அன்றாடத்தைப் பெண்களின் உழைப்பு கட்டியது. காட்சிக்கு வைத்த இரண்டு அடுப்புகள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ‘பாட்டி காலத்து அடுப்பு’ என்ற இனிய ஏக்கத்தை மட்டும் சொல்கின்றன.

தமிழ் படித்தவள் என்பதால் இதை நான் பதிப்பு வேலையோடு வைத்துப் பார்க்கிறேன். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு நூலைப் பதிப்பிப்பவர் முன் இரண்டு சொற்கள் உண்டு: ஒன்று பாடபேதம், மற்றொன்று இடைச்செருகல். ஒரே அடியை ஏடுகள் வெவ்வேறாகச் சொன்னால் அது பாடபேதம்; அதை மதித்துக் குறித்துவைக்க வேண்டும். பிற்காலத்தில் எவரோ நுழைத்தது என்று பதிப்பாசிரியர் முடிவு செய்தால் அது இடைச்செருகல், அதை ஒதுக்கலாம். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளில் பிரதிபேதங்கள் அடிக்குறிப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் தேர்ந்த பாடத்தோடு நாம் உடன்படாவிட்டாலும், விடப்பட்ட பாடம் நம் கண் முன் இருக்கிறது. நாம் வேறு முடிவுக்கு வரலாம்.

வீட்டை மீட்பவரும் பதிப்பாசிரியரே. எது மூலம், எது செருகல் என்று அவர்தான் முடிவு செய்கிறார். ஆனால் இங்கே விடப்பட்ட பாடத்துக்கு அடிக்குறிப்பு கிடையாது. கடப்பாரை விழுந்த பிறகு அது குப்பை லாரியில் போய்விடுகிறது.

அப்படிப் போகிறவை எவை என்று பாருங்கள். சிமெண்ட் அடுப்பு மேடை. அடுப்படிக்குள் இழுத்த குழாய். பாத்திரம் கழுவும் தொட்டி. வீட்டோடு ஒட்டிக் கட்டிய கழிப்பறை. புகை போகச் சுவரை உடைத்து வைத்த ஜன்னல். இருட்டு அறைக்கு வெளிச்சம் வரப் பதித்த கண்ணாடி ஓடு. இவற்றில் எதுவும் அழகானதல்ல. கையிலிருந்த காசுக்கு, கிடைத்த கொத்தனாரை வைத்துச் செய்தவை. ஆனால் இந்தப் பட்டியலைத் திரும்பப் படித்தால் இது ஒரு பெண்ணின் உடம்பின் வரைபடம் என்பது தெரியும். முதுகு, கை, நுரையீரல், கண், அடிவயிறு. மூல வீடு எங்கெல்லாம் அவளை மறந்ததோ அங்கெல்லாம் அவள் பின்னாளில் எழுதிச் சேர்த்தவை இவை.

அதே பயணத்தில், விடுதியாகாத ஒரு வீட்டில் எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவரைச் சந்தித்தோம். அவர் அடுப்படியிலும் ஒரு சிமெண்ட் மேடை இருந்தது. எப்போது கட்டியது என்று கேட்டேன். “மூணாவது பிரசவத்துக்கு அப்புறம். குனிஞ்சு நிமிர முடியல. அப்பச்சி குடுத்த வெள்ளிச் சாமான் ரெண்டை வித்தேன். உக்காந்து சமைச்சது போதும் ஆத்தா, இனி நின்னு சமைப்போம்னு கட்டுனது” என்றார். அந்த மேடைக்கு ஆண்டு உண்டு, காரணம் உண்டு, செலவுக் கணக்கு உண்டு, கட்டியவர் பெயரும் உண்டு. பாரம்பரியச் சின்னம் என்று ஒன்றை அறிவிக்க இவற்றைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை வகுப்பில் நடத்தும்போது, அது சமையலறை அரசியலைப் பேசும் கதை என்றே சொல்லிவந்திருக்கிறேன். இப்போது அதை ஒரு வீட்டுப் புதுப்பிப்பின் கதையாகவும் வாசிக்கிறேன். ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம். ஏதோ ஒட்டவைத்தாற்போல் மூலையில் ஒரு சமையலறை. வெளியூரிலிருந்து வந்த மருமகள் அதைத் திருத்திக் கட்டலாம் என்று யோசனை சொல்கிறாள். வீடே அதிர்கிறது. செலவு அங்கே பிரச்சினையல்ல. வீட்டை மாற்றலாம் என்று அவள் வாய் திறந்ததுதான் பிரச்சினை. சமையலறையைத் தொடுவது அந்த வீட்டின் அதிகார வரிசையைத் தொடுவது என்பதை அங்கிருந்த எல்லோரும் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்லிவந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. உயில் எழுதாமல் இறந்தவரின் குடும்பம் வாழும் வீட்டில் பெண் வாரிசுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆண் வாரிசுகள் தங்கள் பங்குகளைப் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை அவள் பாகப்பிரிவினை கேட்க முடியாது. குடியிருக்கலாம். அதிலும் மகள் என்றால், திருமணமாகாதவளாகவோ கைவிடப்பட்டவளாகவோ கணவனைப் பிரிந்தவளாகவோ கைம்பெண்ணாகவோ இருந்தால்தான் குடியிருக்கலாம். தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் சம பங்காளியாக்கியது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியது. 23ஆம் பிரிவு 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது.

அரை நூற்றாண்டு! செட்டிநாட்டு வீடுகள் பூட்டப்பட்டதும் பிரிக்கப்பட்டதும் விற்கப்பட்டதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். வீட்டைப் பிரிக்கவோ காக்கவோ முதல் சொல் எடுக்கும் உரிமை அவளுக்கு இல்லாதபோது, அவள் கைக்கு எட்டிய ஒரே உரிமை ஆவணம் அந்தச் சிமெண்ட் மேடைதான். இல்லத்தை ஆள்பவள் என்று ‘இல்லாள்’ என்றோம். அதற்கு ஆண்பாலாக நிற்க வேண்டிய ‘இல்லான்’, எதுவும் இல்லாதவனைக் குறிக்கும். சொல்லில் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தில் எடுத்துக்கொண்டோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். செட்டிநாட்டு மரபைக் காக்கும் பணியில் பெண்களே முன்னணியில் இருந்திருக்கிறார்களே? உண்மைதான். எஸ். முத்தையாவோடு சேர்ந்து செட்டிநாட்டு மரபைப் பெருநூலாகத் தொகுத்த மீனாட்சி மெய்யப்பனும் விசாலாட்சி ராமசாமியும் அந்தச் சமூகத்துப் பெண்கள். முன்னவர் தம் குடும்பத்துப் பழைய பங்களாவை விடுதியாக்கி, அந்தச் சமையலை உலகம் அறியச் செய்தார். பின்னவரின் முயற்சியில், பனையோலைக் கொட்டான் முடைவது அழிவிலிருந்து மீண்டு, கிராமத்துப் பெண்களுக்கு வருமானமாகவும் ஆனது. கொட்டான் அவர்கள் கையில் மீண்டபோது அதை முடைபவளும் கூடவே மீண்டாள். கைவினையில் முடிந்தது கட்டடத்தில் ஏன் முடியாது என்பதே என் கேள்வி.

கட்டடத்தில் கைகளைப் பற்றிப் பேசினால் இன்னொரு பெண்ணும் வருவாள். சுண்ணாம்பைக் குளிரவைத்துச் சலித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து, மை போல அரைத்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்தால்தான் அந்தக் கண்ணாடிச் சுவர் கிடைக்கும். மீட்புப் பணி நடக்கும் எந்த வீட்டிலும் சுமப்பதும் சலிப்பதும் கலப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பெயர் சித்தாள். சித்தாளாகச் சேரும் பையன் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறான். பெண் இருபது ஆண்டு கழித்தும் சித்தாளாகவே கூலி வாங்குகிறாள். கலவையின் பதத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லத் தெரிந்தவளுக்குப் ‘பாரம்பரியக் கைவினைஞர்’ என்ற பட்டம் இல்லை. அருகிவரும் கலையை மீட்கிறோம் என்று சொல்கிறவர்கள் கரண்டியை அவள் கையில் ஏன் கொடுப்பதில்லை?

எல்லாச் சேர்க்கைகளையும் அப்படியே விட்டுவையுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் கூரையையும் உளுத்த விட்டத்தையும் மாற்றத்தான் வேண்டும். விடுதி நடத்த வசதிகள் வேண்டும். சுண்ணாம்புச் சுவரை மூச்சுவிடாமல் அடைக்கும் சிமெண்ட் பூச்சை உரித்தெடுக்க வேண்டிய கட்டாயமும் இருக்கும். ஆனால் மீட்புத் துறையின் அடிப்படை ஆவணமான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமே, ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் விட்டுச்சென்ற மதிப்புள்ள பங்களிப்பை மதிக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே பாணிக்குக் கொண்டுவருவது நோக்கமாகாது என்கிறது. எது மதிப்புள்ளது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் பெண்ணியம் தலையிட வேண்டியிருக்கிறது. பெல்ஜியம் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த செருகல்தானே? அதை ‘மரபு’ என்கிறோம். பின்கட்டில் ஆச்சி வைத்த ஜன்னலை ‘சிதைவு’ என்கிறோம்.

இடிப்பதற்கு முன் அளந்து வரையலாம், படம் எடுக்கலாம். யார், எப்போது, எதற்காகக் கட்டினார்கள் என்று அந்த வீட்டில் மருமகளாக வந்தவரையும் பின்வாசலில் வந்து வேலை செய்தவரையும் கேட்டு எழுதிவைக்கலாம். முகப்பில் கட்டியவர் பெயர் பொறித்த கல் இருப்பது போல் அடுப்படிச் சுவரில் ஒரு பலகையாவது வைக்கலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை.

இப்போதெல்லாம் கதையை நடத்தி முடித்ததும் மாணவியருக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் பாட்டி வாழ்ந்த வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். முதலில் கட்டியதைக் கறுப்பு மையிலும், பெண்கள் கேட்டுச் செய்த மாற்றங்களைச் சிவப்பு மையிலும் வரையுங்கள் என்பதுதான் அது. அரண்மனை போன்ற வீடு யாருக்கும் இல்லை. ஓட்டு வீடு, குடிசை, தொகுப்பு வீடு, இரண்டு அறை வாடகை வீடு என்றுதான் வருகின்றன. போன பருவத்தில் ஒருத்தி கொண்டுவந்த தாளில் சிவப்பாக ஒரே ஒரு கோடு இருந்தது. குளிக்கும் இடத்தைச் சுற்றிப் பாட்டி எழுப்பிய இடுப்பளவுச் சுவர். பக்கத்தில் ஆண்டைக் குறித்திருந்தாள். அதுவரை வெளிச்சம் வருமுன்பே குளித்துவிடுவார்களாம்.