மனவிழிப்பு: முதல் நூல்கள் பிறந்த வழி

மைண்ட்ஃபுல்னஸ் என்று மருத்துவமனை முதல் ஐடி அலுவலகம் வரை இன்று பேசப்படும் மனவிழிப்புப் பயிற்சியைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் வந்து குவிகின்றன. முதன்முறையாக எழுத வருபவர்கள் இத்துறையில் ஏராளம். தியான முகாமுக்குப் போய் வந்த உற்சாகத்தில் எழுதுபவர் உண்டு. மனச்சோர்விலிருந்து மீண்டதைச் சொல்ல விரும்புபவரும் உண்டு. காலத்தைத் தாண்டி நின்ற நூல்களை வரிசையாக வைத்துப் படிக்கும்போது இரண்டு செய்திகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஆசிரியர் எழுதுவதற்கு முன் நெடுங்காலம் பயின்றிருக்கிறார். யாரோ சிலருடைய தேவைதான் அவரை எழுத வைத்திருக்கிறது.

ஜான் கபட்-ஜின்னின் முதல் நூலான ‘ஃபுல் கெட்டாஸ்ட்ரஃபி லிவிங்’ 1990இல் வந்தது. எம்ஐடியில், நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியாவிடம் ஆய்வு செய்து மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அங்கே மாணவராக இருந்தபோது, 1966இல், ஜென் ஆசிரியர் ஃபிலிப் கேப்லோவின் உரையைக் கேட்டுத் தியானத்துக்குள் வந்தார். 1979இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாரி என்ற ஊரில் விபஸ்ஸனா முகாமில் இருந்தபோது, தாம் செய்யவேண்டிய வேலை இன்னது என்று சில விநாடிகளில் தெளிந்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். தீராத வலியோடு அலைந்து, மருத்துவத்தால் போதிய பலன் கிடைக்காத நோயாளிகள் அங்கே அனுப்பப்பட்டார்கள். எட்டு வாரப் பயிற்சி. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் அன்றாடப் பயிற்சி, இடையில் ஒரு முழுநாள் மௌனம். 51 வலி நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1982இல் வெளியானது. நூலுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. கேப்லோவின் உரையிலிருந்து கணக்கிட்டால் 24 ஆண்டுகள்!

அந்த நூலுக்கு உயிர் கொடுப்பவர்கள் அதில் வரும் நோயாளிகள். உலர்ந்த திராட்சை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று தின்னும் பயிற்சி இன்று பல நாட்டு வகுப்புகளில் நடக்கிறது. அது பரவியது இந்த மருத்துவ மையத்திலிருந்துதான். வலியோடு வந்தவர் மதத்தின் பெயரால் விலகிப்போகக் கூடாதே என்று பௌத்தக் கலைச்சொற்களை ஆசிரியர் பெரும்பாலும் தவிர்த்தார். அதனால் இப்பயிற்சி வேரை இழந்தது என்று குறைசொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், எதிரே அமர்ந்திருந்தவரின் முதுகுவலியை முதலில் நினைத்த எழுத்து என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம்.

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் புதிய எழுத்தாளர் அல்லர். முன்பே கவிஞராக அறியப்பட்டவர். ஆனால் ‘தி மிரக்கிள் ஆஃப் மைண்ட்ஃபுல்னஸ்’ உருவான விதத்தை முதல் நூல் எழுதும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாமல் பிரான்சில் இருந்த அவர், வியட்நாமில் போருக்கு நடுவே சமூகப் பணி செய்துகொண்டிருந்த தம் இளைஞர்களில் ஒருவரான ‘சகோதரர்’ குவாங்குக்கு 1974இல் நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். உயிருக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் பாத்திரம் கழுவுவதையும் மூச்சு விடுவதையும் பற்றிய கடிதம் அது. அதுவே நூலாயிற்று. மோபி ஹோ என்ற அமெரிக்கப் பெண், அவசரப்படாமல் நாளுக்கு இரண்டு பக்கம் என்ற கணக்கில் அதை ஆங்கிலமாக்கினார்.

அந்தக் கடிதம் 1976இல் கண்டியிலிருந்தும் வெளிவந்தது. வெளியிட்ட பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை 1958இல் நிறுவியவர்களில் ஒருவர் ஞானபோனிக தேரர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், 1936இல் இலங்கைக்கு வந்து தொடந்துவ தீவு ஆசிரமத்தில் துறவியானார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அவரைத் தியத்தலாவையிலும் பின்னர் டேராடூனிலும் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். முகாமுக்குள்ளும் பாலி நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பிறகு பர்மாவில் தியான ஆசிரியர் மகாசி சயதாவிடம் பயின்றார். ‘தி ஹார்ட் ஆஃப் புத்திஸ்ட் மெடிட்டேஷன்’ 1954இல் கொழும்பில் அச்சானது. மனவிழிப்பு பற்றி அதற்குப் பின் ஆங்கிலத்தில் எழுதியவர்களில் பலர் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

மருத்துவ உளவியலாளர்களின் கதை வேறு. ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் மனச்சோர்வு திரும்ப வராமல் தடுக்க வழி தேடிக் கபட்-ஜின்னின் பிரிவுக்குச் சென்றார்கள். தாமே பயிலாமல் இதைப் பிறருக்குக் கற்பிக்க முடியாது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். மூவரும் முதலில் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை 2002இல் வந்த தங்கள் நூலில் மறைக்காமல் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2000இல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று முறை அல்லது அதற்கு மேல் மனச்சோர்வுக்கு ஆளானவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கும், இப்பயிற்சியும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது.

தியான ஆசிரியர் கோயங்காவின் விபஸ்ஸனா முறையை விளக்கும் ‘தி ஆர்ட் ஆஃப் லிவிங்’ (1987) நூலை எழுதியவர் அவருடைய மாணவர் வில்லியம் ஹார்ட். நூல் முழுக்க ஆசிரியரின் குரலுக்கே இடம்விட்டு, தாம் ஒதுங்கி நிற்கிறார். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்மசேது விபஸ்ஸனா மையத்தில் பத்து நாள் இருந்துவிட்டு எழுதத் துடிக்கும் நண்பர்களுக்கு இந்த நூலையே முதலில் கொடுப்பேன்.

சொந்த அனுபவத்தை முன்வைத்து எழுதியவர்களில் டேன் ஹாரிஸ் நேர்மையானவர். 2004இல் தொலைக்காட்சி நேரலையில் செய்தி வாசிக்கும்போதே பீதித் தாக்கம் வந்து திணறியவர். 2014இல் வந்த நூலின் தலைப்பிலேயே தியானத்தால் கிடைத்தது பத்து விழுக்காடு கூடுதல் மகிழ்ச்சி என்று அளவாகச் சொன்னார். இந்த அளவுணர்வு பல முதல் நூல்களில் இல்லை. தியானம் எல்லோருக்கும் நன்மையே செய்யும் என்று எழுதிவிடுகிறார்கள். கொடுமைகளுக்கு ஆளானவர்கள் கண்மூடி உடலைக் கவனிக்கும்போது பழைய அதிர்ச்சி கிளறப்படலாம் என்பதை டேவிட் டிரெலீவன் 2018இல் விரிவாக எழுதினார். நிறுவனங்கள் வேலைச்சுமையைக் குறைக்காமல் ஊழியருக்கு மூச்சுப்பயிற்சி கற்றுத்தருவதை ரொனால்ட் பர்சர் 2019இல் கடுமையாகச் சாடினார். இவ்விரண்டையும் படிக்காமல் இன்று ஒருவர் எழுதத் தொடங்குவது பொறுப்பற்ற செயல்.

தமிழில் இத்தகைய நூலை எழுதத் தகுதியானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். டயாலிசிஸ் பிரிவில் ஆண்டுக்கணக்காகப் பணிபுரியும் செவிலியர், வன்னியில் உறவுகளை இழந்தோருடன் உட்கார்ந்து பேசும் உளவளத்துணையாளர், மதுவை விட்டவர்களுக்கு வாரந்தோறும் வகுப்பெடுப்பவர் ஆகியோரைச் சொல்கிறேன். தாங்கள் எழுத்தாளர்கள் அல்லர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பதிப்பாளர்கள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அவர்களும், பலன் கிடைத்தவர்களைப் பற்றி எழுதுவதோடு, பாதியில் நின்றுபோனவர்களைப் பற்றியும் எழுத வேண்டும்.